இரண்டு தடவை விழுந்த மதில்

"யோசுவா போய்ச் சேரும்போ எரிகோவுல மதிலே கெடையாதுன்னுதான் நெறைய ஆய்வாளருங்க சொல்லுகாங்க. அது எப்பவோ மின்னயே இடிஞ்சு போச்சாம்."

அட்டைப்பெட்டிக்குக் கல் நிறம் அடித்துக்கொண்டிருந்த ஆன்ட்ரூஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஏட்டி பெமிலா, நாளைக்கு பங்குத் திருவிழா நாடகம். நான் ராத்திரி பகலா மதில் கட்டிட்டு இருக்கேன். நீ மதிலே இல்லங்கியா?"

"நான் சொல்லல்ல, அங்க தோண்டினவங்க சொல்லுகாங்க. இல்லன்னு சண்டை போடுகவங்களும் இருக்காங்க. ஆனா கருகின தானியம் நெறஞ்ச பானைங்களும் அங்க கெடச்சிருக்கு. அறுவடைக் காலம்னு பைபிள்ல உள்ளது அதோட ஒத்துப் போகுது. எனக்கு அந்தப் பக்கத்து மண்ணை நேர்ல பாக்கணும்."

ஆன்ட்ரூஸின் மனைவி பெமிலா, கருங்கல் ஊரில் ஒரு பள்ளியில் சரித்திர டீச்சர். எரிகோவுக்கு எதிரே, ஜோர்டான் நாட்டில் நடக்கும் அகழாய்வில் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் வந்து வேலை செய்ய அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். ஆன்ட்ரூஸ் பிடி கொடுக்கவில்லை. போதாக்குறைக்குப் போன ஞாயிறு பிரசங்கத்தில் ஃபாதர் வேறு, "மண்ணைத் தோண்டி விசுவாசத்தைத் தேடுகிறவர்கள்" என்று ஒரு பிடி பிடித்துவிட்டார். கோயிலில் பாதிப் பேர் பெமிலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேதத்தைப் பொய்யாக்க நீ விமானம் ஏறிப் போகாண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆன்ட்ரூஸ் மறுபடி பிரஷ்ஷை எடுத்தார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கோயில் வளாகம் நிறைந்து வழிந்தது. மேடையில், பின்திரையை ஒட்டி, இருநூறு பெட்டிகளால் அடுக்கிய எரிகோ மதில். பார்த்தவர்கள் நிஜக் கல் என்றார்கள். மேடை ஓரத்தில் மைக் முன்னால் பெமிலா கதை வாசித்தாள். எதிர்ப்பக்கம் மறைவில் ஆன்ட்ரூஸ்.

கொம்பு ஊதும் குருக்கள் மூன்றாம் நாள் சுற்றை ஆரம்பித்தார்கள். வேதப்படி ஏழாம் நாள் சுற்றில்தான் மதில் விழ வேண்டும். யோசுவா வேடம் போட்ட டெனிஷ் இன்னும் தாடி ஒட்டி முடிக்கவில்லை.

அப்போது மதில் அசைந்தது. அடுத்த நொடி மொத்தமும் சரிந்தது.

பின்திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குருக்கள் ஊதுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் விழித்தார்கள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆன்ட்ரூஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மைக்கில் பெமிலாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"எரிகோவின் மதில் ஒரு தடவை விழுந்த மதில் அல்ல! நிலநடுக்கத்திலும் போரிலும் அது பலமுறை விழுந்தது. விழுந்தபோதெல்லாம் எரிகோ மக்கள் சளைக்காமல் எடுத்துக் கட்டினார்கள். இதோ, கட்டுகிறார்கள்!"

எரிகோ வீரர்களாக நின்ற பையன்களுக்குப் பொறி தட்டியது. ஓடிவந்து பெட்டிகளை மளமளவென்று அடுக்கினார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் தாளத்துக்குக் கைதட்ட, கடைசிப் பெட்டி ஏறியபோது விசில் பறந்தது. ஏழாம் நாள் யோசுவா கையை உயர்த்தினார். மதில் சொல்லிவைத்தது போல விழுந்தது. அப்படி ஒரு ஆரவாரத்தை ஆன்ட்ரூஸ் இருபது வருட நாடகத்தில் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்ததும் மனைவியைத் தனியே பிடித்தார்.

"மொதல்ல மதிலத் தள்ளினது நீதானே?"

பெமிலா பின்திரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஆமா. மைக் வயரை இழுத்தேன், அது பெட்டியில மாட்டிட்டுது."

திட்டத்தான் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது.

"நல்ல ஆளுட்டி நீ! தள்ளினதும் நீ, கட்டினதும் நீ. அந்த, பலதடவை விழுந்த கதை நீயா அடிச்சு விட்டதா?"

"இல்ல, உள்ளதுதான். தோண்டினப்போ ஒண்ணுக்கு மேல ஒண்ணா மதிலுங்க தெரிஞ்சிருக்கு."

ஆன்ட்ரூஸ் தலையைச் சொறிந்தார். "அப்போ எனக்க நாடகத்தைக் காப்பாத்தினது அந்த மண்ணுதான். போயிட்டு வா பிள்ளே. இன்னும் என்னெல்லாம் கெடக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு, அடுத்த வருஷத்துக்கு ஆவும்."

அவர் மனசு மாறுவதற்குள் பெமிலா ஃபோனை எடுத்துப் பதில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபாதர் மெதுவாக ஆன்ட்ரூஸின் பக்கத்தில் வந்து, யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"பெமிலாவைத் திட்டிராதீங்க ஆன்ட்ரூஸ். நீங்க ரெண்டு பேரும் பேசினது காதுல விழுந்துது. பிரசங்கத்துல நான் அவ்வளவு பேசியும், எம்பேரு வெளிய வராம அவங்களே பழியை ஏத்துக்கிட்டாங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "திரைக்குப் பின்னால ஃபோன் பேசிட்டு நின்னேன், மேடை ஓரத்துல இருந்து அவங்க பாத்திருக்காங்க. முதுகுல கெட்டியா ஏதோ தட்டுப்பட்டுது. மேடைச் சுவருன்னு நெனச்சு, நான்தான் கொஞ்சம் சாஞ்சிட்டேன்."