இடம் மாறாத கல்லறை

எங்கள் டென்னசிப் பக்கம் அணை கட்டியபோது, ஏரியில் மூழ்கவிருந்த கல்லறைகளை மேட்டுக்கு மாற்றினார்கள். அதன் பதிவேடு நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இருக்கிறது. தங்கள் முன்னோரில் ராஜவம்சம் தேடி வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் குதிரைத் திருடர்களைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

டெல்ஃபின் அம்மையார் தன் தாயின் அஸ்திப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"எங்கம்மா, அவங்க அப்பா பக்கத்துலயே தன்னைப் புதைக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவரை எங்க மாத்தினாங்கன்னு பாரு தம்பி."

பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, 'மாற்றவில்லை. உள்ளே இருப்பவர் சம்மதிக்கவில்லை' என்றிருந்தது.

"அப்போ ஏரிக்குள்ளயா இருக்காரு? எங்கம்மாவுக்குத் தண்ணின்னாலே பயம். மேட்டுலயே புதைச்சிடுறேன்."

பெட்டியைத் தூக்கினார். அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. பதிவேடு நனையாமல் நகர்த்திக்கொண்டேன்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "படகு எங்க தம்பி வாடகைக்குக் கிடைக்கும்?"