மூன்றாவது பலகை

பாமா தன் துணிகளைப் பெட்டியில் அடைத்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுக்கையறையை விட்டு வெளியே வந்தாள். முப்பத்தோரு வருஷக் குடித்தனம். மகாதேவன் தடுக்கவில்லை. அளக்கும் டேப்பை விரித்து, அவள் கட்டில் கிடந்த சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"கோவமா போறியா?" என்றார், திரும்பாமலே.

"சோபாவுக்குப் போறதுக்கு என்ன கோவம்?" பெட்டியை ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தாள். "அடுத்தது கிச்சனும் வேணும்பீங்க. அப்ப நான் லிஃப்ட்ல படுத்துக்கறேன்."

எல்லாம் மரம் அறுக்கும் மெஷினால் வந்தது. டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் ஓய்வு பெற்ற கையோடு, மகாதேவன் புனே வானவடி ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு சின்னத் தச்சுப்பட்டறை போட்டார். பாமா கேட்டது, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு ஸ்டூல். "மொதல்ல பட்டறை சரியாகட்டும்" என்றவர், இரண்டு வருஷமாகப் பட்டறையைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவர் பால்கனியோடு நின்றிருப்பார். கீழ்வீட்டு ஆப்டே விடவில்லை. ஒருநாள் படிக்கட்டுத் திருப்பத்தில் மராத்தியில் ஒரு பலகை தொங்கியது: 'மேலே மரம் அறுக்கிறார்கள். காடு தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள்.'

பெயர் போட்டிருக்கவில்லை. போடத் தேவையுமில்லை. ஆப்டேயின் வாசலிலேயே, 'கதவு திறக்காவிட்டால் நாங்கள் செவிடர்கள் என்று பொருளல்ல. உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்று பொருள்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

பாமாவுக்கு ரத்தம் கொதித்தது. "நக்கல் பண்றாரா? சத்தம்தானே பிரச்சினை? மெஷினை சின்ன ரூமுக்கு மாத்துங்க. செவுத்துக்கெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டுங்க. இனி அந்தாளு வாயே திறக்கக் கூடாது!"

மகாதேவன் தலையாட்டிவிட்டு மாற்றினார். அப்படித்தான் அவளுடைய தையல் மெஷின் சின்ன அறையிலிருந்து பரணுக்குப் போனது.

மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது பலகை வந்தது. 'மூன்றாம் மாடி மரத்தூள் எல்லா வீட்டுக்கும் இலவசம். கோணிப்பைகளை அவரவரே கொண்டு வரவும்.' பாமா அன்றைக்கே தூசு உறிஞ்சும் பெரிய மெஷினை வாங்கச் சொன்னாள். அதுவரை அதை வாங்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான்.

மகாதேவனுக்கு மட்டும் ஆப்டேமேல் கோபமே வரவில்லை. "அந்த மனுஷன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே" என்பார்.

மூன்றாவது பலகை நேற்றுக் காலையில் தொங்கியது. 'பகல் ஒன்றிலிருந்து நான்குவரை புனே தூங்குகிறது. உங்கள் மெஷினையும் தூங்கப் பழக்குங்கள். முடியாவிட்டால் எங்கள் தலைக்கு நேரே வைக்காதீர்கள்.' நல்ல தேக்கு. ஓரங்களை உருட்டி, கை வைத்தால் வழுக்கும்படி இழைத்திருந்தது. இந்த ஊர்க்காரர்கள் திட்டுவதைக்கூட நறுவிசாகத்தான் திட்டுகிறார்கள் என்று பாமா நினைத்துக்கொண்டாள்.

சின்ன அறை ஆப்டே படுக்கும் அறைக்கு நேர் மேலே. பெரிய படுக்கையறைக்குக் கீழே அவர் சாமான் போட்டுவைக்கும் அறைதான். "வேற வழியில்ல பாமா, மெஷின் பெரிய ரூமுக்கு வந்துதான் ஆகணும்" என்று மகாதேவன் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, உடனே டேப்பை எடுத்தார்.

இப்போது பாமா சோபாவில் படுத்துப் பார்த்தாள். கால் வெளியே நீட்டியது. காலை மடக்கினால் முழங்கால் டீப்பாயில் இடித்தது. ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"ஆப்டே வீட்டுக்கு. ஒண்ணு அந்தப் பலகை இருக்கணும், இல்ல என் பெட்ரூம் இருக்கணும்."

மகாதேவன் கையிலிருந்த டேப் சரசரவென்று சுருண்டு விழுந்தது. "வேணாம் பாமா! மணி ரெண்டேகால். இந்த ஊர்ல இந்நேரத்துக்குப் பெல் அடிக்கிறது கொலைக்குச் சமம்."

"என் கட்டிலைக் கழட்டறது மட்டும் புண்ணியமா?"

"நான் சாயங்காலம் பக்குவமா பேசறேன். அந்தாளோட வாய் கொடுக்காத, சொன்னாக் கேளு!"

அவள் கேட்கவில்லை. படிக்கட்டில் பலகையை ஆணியோடு பிடுங்கினாள். ஆப்டேயின் பெல்லை, வாசலில் தொங்கிய வாசகத்தைப் படித்துக்கொண்டே, மூன்று முறை அடித்தாள்.

பனியனும் கலைந்த தலையுமாக ஆப்டே கதவைத் திறந்தார். "என்ன வஹினி, வீடு பத்தி எரியுதா?" என்றார், அண்ணி என்று மராத்தியில் விளித்து.

"எரியறது என் வயிறு!" மராத்தியும் இந்தியும் கலந்து பொரிந்தாள் பாமா. "முதல் பலகைக்கு பால்கனியைக் காலி பண்ணோம். ரெண்டாவதுக்கு மெஷின் வாங்கினோம். இதுக்கு நான் படுக்க இடமில்லாம நிக்கறேன். இன்னொரு பலகை மட்டும் தொங்கட்டும், நேரா போலீசுக்குத்தான் போவேன்!"

ஆப்டே பலகையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அவர் முகத்தில் கோபம் இல்லை; பாடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தச் சொன்னது மாதிரி ஒரு வாட்டம்தான் இருந்தது.

"வாசகம் பிடிக்கலேன்னா சொல்லுங்க வஹினி, வேற எழுதித் தர்றேன். ஆனா, நாலாவது பலகைக்கு வார்னிஷ் அடிச்சுக் காயவச்சிருக்கேன்னு மகாதேவன் சார் காலையிலதானே சொன்னாரு?"