பூவரசந்துறையில் ஆள் இல்லை

“இஞ்ச ஆரும் இல்ல, சேர். ஜின் பிசாசுதான் குடியிருக்கு.”

விறகுக் கட்டைத் தோளிலிருந்து இறக்காமலே லாபிர் சொன்னான். கரையில் பத்துப் பன்னிரண்டு ஓலைக் குடிசைகள். எல்லாம் திறந்து கிடந்தன. ஒன்றிலும் அரவமில்லை.

படகிலிருந்து இறங்கிய பாக்கியரத்தினம் வெறிச்சோடிய குடிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைத்தால் ஆபத்தில்லை என்று கணக்கிடும் கொம்பியூட்டர் புரோகிராமை எழுதியவர் அவர். தலைமுறை தலைமுறையாக நஞ்சு கக்கும் அந்தக் கழிவைக் கொண்டுவந்து வைக்க வெளிநாட்டுக் கம்பனியொன்று இந்தக் கரையைக் கேட்டிருந்தது.

அருகில் ஒரு குடும்பம் வாழ்ந்தாலும் போதும், புரோகிராம் இடத்தைத் தள்ளிவிடும். தான் பிறந்த மாவட்டத்தைக் காப்பாற்ற அந்த ஒரு குடும்பத்தைத் தேடித்தான் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து படகில் வந்திருந்தார். வந்த காரணத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

“சேர் காணிக் கந்தோரா?”

“கவுண்மேந்து ஆள்தான். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

“இஞ்ச இருந்த சனம் எங்க?”

“வாந்திபேதியில கனபேர் மவுத்தாயிட்டாங்க. மிச்சம் ஓடிட்டு. நான் கிண்ணியா. விறகுக்கு வந்தனான்.”

பாக்கியரத்தினம் ஒரு குடிசைக்குள் குனிந்து பார்த்தார். கூரை வளையில் பிள்ளைக்குக் கட்டிய ஏணை தொங்கியது. உள்ளே பிள்ளை இல்லை. ஆனால் ஏணை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அவர் ஏணையையே உற்றுப் பார்த்தார்.

“கடல் காத்து, சேர்” என்றான் லாபிர், பின்னால் நின்று.

அவர் வெளியே ஓடிவந்து கண்டல் காட்டைப் பார்த்துக் கத்தினார். “ஆராவது இருக்கிறீங்களோ? ஒரு ஆள் வந்தாப் போதும்!”

அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஜின்னைக் கூப்பிட்டு என்ன செய்யப்போறீங்க? கந்தோரில வேலை குடுக்கவோ?”

“பகிடி விடாதையும். ஒரு குடும்பமெண்டாலும் இருந்திருந்தா...” அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இருந்தா என்ன, சேர்?”

“ஒண்டுமில்லை.”

படகு புறப்பட்டது. கொழும்பில் கொம்பியூட்டருக்காகத் துளையிடப்போகும் அட்டையில், ஆள்தொகைக்கு இனிப் பூச்சியம்தான். பாக்கியரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை.

படகு முனையைத் தாண்டி மறையும்வரை லாபிர் அசையாமல் நின்றான். பிறகு விறகைப் போட்டுவிட்டுக் கண்டல் காட்டை நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

“நம்மள எழுப்ப வந்த காணிக் கந்தோர் ஆள் போயிட்டான், எல்லாரும் வெளிய வாங்க! நம்மட ஊரு தப்பிட்டு!”