பெயரில்லாத படகு

"அக்கா, எங்கட அப்பின்ர கோட்ல பேரில்லாத படகு ஒண்டு கிடக்குது. அதை என்ன செய்ய?"

விடிந்ததும் விடியாததுமாக யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்த லக்சன் கேட்டான். மாக்கிறட் பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய கடற்கரை ஊரான கீரியின் மீனவர்களுக்காக அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய செயலி, வெள்ளோட்டம் முடிந்து அன்று வெளியாக வேண்டும். கடலுக்குப் போனவர் கரையேறியதும் தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். வீட்டிலிருப்பவருக்கு 'கரைக்கு வந்திட்டன்' என்று சேதி போகும்.

நிரலில் படகு என்பது ஓர் இன்டர்ஃபேஸ். அதாவது, வெறும் வாக்குறுதி. கரைக்கு வந்தால் வந்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீ யார், எவருடைய ஆள் என்று அது துருவிக் கேட்காது. அந்த விஷயத்தில் ஊர்ச்சனத்தைவிட எவ்வளவோ மேல்.

அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வள்ளத்துக்கு ஒரு கிளாஸ், அதாவது வகுப்பு, இயந்திரப் படகுக்கு ஒரு வகுப்பு என்று பெயர் வைத்து ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக, வகுப்பும் பெயரும் இல்லாத ஒரு படகை மாக்கிறட் இடையில் செருகினாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம். சோதனை முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

அவள் அழிக்கவில்லை.

அந்தப் படகு நிரலுக்குள் ஒவ்வொரு காலையும் தானாகவே, பிசகாமல் கரை சேர்ந்தது. சேதி அவளுடைய தொலைபேசிக்கு மட்டும் வந்தது.

முதலில் வேலிக்கு அப்பால், புருசன் கடலுக்குப் போயிருக்கும் திரேசம்மாவின் தொலைபேசி கிணுகிணுக்கும். அவள் அடுப்பில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்கும். பிறகு மாக்கிறட்டின் தொலைபேசி கிணுகிணுக்கும். அவளும் எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குச் சந்தோசமாக இருக்கும். பைத்தியக்காரச் சந்தோசம்தான். அது அவளுக்கும் தெரியும். இன்றோடு அது போய்விடும் என்பதுதான் தாங்க முடியவில்லை.

சேதி அவளுடைய இலக்கத்துக்குப் போவதை லக்சன் இப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். அவன் குரல் தணிந்தது.

"எனக்குத் தெரியாது அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்தப் படகு கிடக்கட்டும். அவரின்ர பேரைச் சொல்லுங்கோ, வகுப்புக்கு அந்தப் பேரை வச்சு ஒழுங்கா எழுதிவிடுறன்."

அவளுடைய ஆள் ஒருவர் கடலில் தொலைந்துவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான். நல்ல பிள்ளை. அவன் அப்படி நினைத்தது அவளுக்கு இதமாகக்கூட இருந்தது.

ஒரு பெயர் சொன்னால் போதும்.

மாக்கிறட் தேடிப்பார்த்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் இந்தக் கரையில் நிறையவே உண்டு. சந்தியோகு என்று சொல்லலாம், ஜெகதீபன் என்று சொல்லலாம். யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒருத்தி எங்கோ ஒரு வீட்டில் காத்திருந்தாள்.

"எடுத்துவிடு தம்பி," என்றாள். "எனக்கு அப்பிடி ஒருத்தரும் ஒருநாளும் இருந்ததில்லை."