பெரிய எழுத்தில் ஒரு பெயர்

டெமோ தொடங்கிய வேகத்தில் டிரேவர் போய் வயரைப் பிடுங்கிவிட்டான். கை தவறி அல்ல, எல்லாரும் பார்க்கவே.

சுவரிலிருந்த பெரிய திரை இருண்டது. ஸ்ரீரஞ்சனிக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், மாதக்கணக்கான உழைப்பு!

கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைகிறானா என்று நாள் முழுக்கக் காவல் காப்பது டிரேவரின் டீம். அவர்களுக்காகப் புதுத் திரையை வடிவமைத்தவள் ஸ்ரீரஞ்சனி. மேனேஜர் எத்திராஜ் இன்று ஓகே சொன்னால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

"என்னப்பா இது?" என்றார் எத்திராஜ்.

"பேர் வேணாம் சார். போலி மெயிலைத் தப்பா கிளிக் பண்ணவங்க பேரை இவ்ளோ பெருசா சுவத்துல போட்டா, நாளைக்கு ஒருத்தரும் நம்மகிட்ட வந்து உண்மையச் சொல்ல மாட்டாங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் சார். மேடம் கேக்கல."

"நாலு பேர் பார்த்தாத்தான் சார் உறைக்கும்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "அஜாக்கிரதையா இருக்கறவங்களுக்கு என்ன மரியாதை?"

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலையாட்டக் காசா, பணமா?

"மேடம்கிட்ட சாரி சொல்லு டிரேவர். சாப்ட்டு வந்து பார்க்கலாம்."

"சாரி மேடம்," என்றான். முகத்தில் கோபமே இல்லை.

அதுதான் அவளைக் குடைந்தது. தன் வேலைக்கே உலை வைத்துக்கொண்டு ஒருத்தன் இத்தனை சாந்தமாக இருப்பானா? மற்றவர்கள் கேன்டீனுக்கு நகர்ந்ததும் அவனை நிறுத்தினாள்.

"நிஜத்தச் சொல்லுங்க. இத்தன நாள் வாயால சொன்னதோட விட்டுட்டு, கரெக்டா டெமோ அப்ப ஏன் பிடுங்கினீங்க?"

"டெமோவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் போலி மெயில்ல இருந்த லிங்க்கைத் தொட்டுட்டாங்க மேடம். அவங்க லேப்டாப்பை நெட்வொர்க்ல இருந்து உடனே கட் பண்ணிட்டேன். இனி ஆபத்தில்ல. ஆனா உங்க திரையில அந்தப் பேர்தான் முதல்ல வரும்."

"வந்தா என்ன? யாரு, உங்க ஃபிரெண்டா?"

"சாப்பிட வாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

யாரைக் காப்பாற்றுகிறான்? ஸ்ரீரஞ்சனிக்கு ஆவல் தாங்கவில்லை. வயரைத் திரும்பச் செருகினாள்.

திரை விழித்தது. அவளே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிவப்பில், சுவர் கொள்ளாத எழுத்தில் மின்னியது: 'ஸ்ரீரஞ்சனி, டிசைன் பிரிவு.'