பட்டியலில் இல்லாத டைரக்டர்

கம்பெனி டைரக்டர்கள் பட்டியலில் இரண்டே பெயர்கள். தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா நிதானமாகப் படித்தார்.

தம்பி திருமூர்த்தி. தம்பியின் மனைவி.

அவ்வளவுதான்.

அண்ணன்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது பெயர் வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரியும்.

பதினெட்டு வருடமாக ஷெட்டில் எல்லோருக்கும் அவர் டைரக்டர் ஐயா. கதவில் பித்தளைப் பலகை, சட்டைப்பையில் விசிட்டிங் கார்டு. இரண்டும் அவரே அடித்துக்கொண்டவை. கம்பெனியைப் பதிவு செய்தபோது, படித்தவன் பெயர் இருக்கட்டும் என்று அப்பா தன்னோடு தம்பியைச் சேர்த்துக்கொண்டார். அப்பா போனதும் அந்த இடத்தில் தம்பி மனைவியின் பெயர் ஏறியது. நேற்று வந்தவள். லேத் எது, பிரஸ் எது என்று தெரியாதவள்.

வயிறு எரிந்தது.

போன வாரம் தகடு வெட்டும் பிரஸ்ஸில் தொழிலாளி வெள்ளியங்கிரியின் மூன்று விரல்கள் போயின. கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னது அவர்தான். அவசர ஆர்டர். தம்பி அன்று ஊரிலேயே இல்லை.

அன்றைக்குக்கூட வயிறு இப்படி எரியவில்லை. நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கொஞ்சம்தான்.

"வழக்கு டைரக்டர் மேலதான் வரும். ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கலாம்" என்றார் ஆய்வாளர். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

தம்பி முந்திக்கொண்டான்.

"அண்ணன் சும்மா பேருக்குத்தானுங்க மேடம். பொறுப்பெல்லாம் என்னுதுங்க."

காப்பாற்றுகிறான். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது.

இதற்கும் அவனேதான் முன்னால் நிற்க வேண்டுமா?

"சரி, நீங்க போகலாம்."

வாசல் நாலு எட்டுத் தூரம். திறந்துதான் கிடந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தடுப்பைக் கழட்டச் சொன்னது நானுங்க. இங்க என் சொல்லுலதான் எல்லாமே ஓடுது. எழுதிக்குங்க."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"பட்டியல்ல பேர் இல்லாட்டியும், டைரக்டரா நடந்துக்கிட்டவரையும் சட்டம் கேள்வி கேக்கும். தெரியுமில்ல?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஆய்வாளர் பெயரைக் கேட்டார். வயதைக் கேட்டார்.

"பதவி?"

தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னார்.

ஷெட்டில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை, உரக்கச் சொன்னார்.