நாலாம் மாடிக் கூட்டம்

லிஃப்டுக்குள் ஏறி, கதவு மூடி, ஐந்து நிமிடம் ஆயிற்று. கூட்டம் நடக்க வேண்டிய நாலாம் மாடி வந்தபாடில்லை. சட்டமன்ற நிதிக் குழுவினர் ஐந்து பேருக்கு நடுவில், கோப்பும் கையுமாகப் பிதுங்கி நின்றார் கட்டடப் பராமரிப்புத் துறை இயக்குநர்.

பாவம், அவருக்கு இன்று வாழ்வா சாவா. ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே துறையின் நிதி தீர்ந்துவிட்டது. குழு கூடுதலாக ஒதுக்காவிட்டால் நாளைக்கே இருநூறு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குழுத் தலைவரோ ஏற்கெனவே இரண்டு தடவை கையை விரித்தவர்.

திடீரென்று விசிறி நின்றது. விளக்கும் அணைந்தது.

"ஐயையோ! என்னய்யா லிஃப்ட் வெச்சிருக்கீங்க?" என்று அலறினார் தலைவர்.

"பழுது பார்க்கக் காசு இல்லைங்க. அதைத்தானே ரெண்டு மாசமா கெஞ்சிக்கிட்டிருக்கேன்!" இருட்டு கொடுத்த தைரியத்தில் இயக்குநர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். "லிஃப்ட்காரரையும் வீண் செலவுன்னு போன வாரம் நிறுத்திட்டீங்க."

"அவர் இருந்தா மட்டும் நம்மளத் தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பாரா?"

கதவைத் தட்டினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். கட்டடமே கேன்டீனில் இருக்கும் நேரம். ஈ காக்கை இல்லை. போனிலும் சிக்னல் இல்லை.

பருத்த உறுப்பினர் ஒருவர் சுவரில் சாய்ந்துவிட்டார். "எனக்கு மூச்சு முட்டுது. தலைவரே, அவர் கேக்கறதைக் குடுத்துத் தொலைங்க! ஒன்பது பேர்ல அஞ்சு பேர் இங்கயே இருக்கோம், கூட்டம் நடத்த இது போதாதா?"

போன் டார்ச் வெளிச்சத்தில், இயக்குநரின் முதுகையே மேசையாக்கி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாத இழுபறி இரண்டே நிமிடத்தில் தீர்ந்தது. குனிந்து நின்ற இயக்குநருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைசிக் கையெழுத்தின் மை காய்வதற்குள் விளக்கு எரிந்தது, கதவும் திறந்தது. வெளியே லிஃப்ட் பட்டனை அமுக்கிவிட்டு, வாளியும் துடைப்பமுமாக ஒரு துப்புரவுப் பணியாளர் நின்றிருந்தார்.

"பாத்தீங்களா, பணம்னு சொன்னதும் லிஃப்டுக்கே உசுர் வந்திருச்சு!" என்று சிரித்தார் தலைவர். "நாலாம் மாடிதானேம்மா இது?"

அந்த அம்மா வேர்த்து வழிந்த ஆறு பேரையும் பார்த்தார். பிறகு எட்டி, உள்ளே ஒன்றுகூட எரியாத பட்டன் வரிசையைப் பார்த்தார்.

"தரைத்தளம் சார். சும்மா நின்னா லைட்டும் ஃபேனும் தானா அணைஞ்சிடும்... யாருமே பட்டனை அமுக்கலையா?"